இருபதாவது இழுப்பு

"கரஸ்பாண்டென்ட் ஐயா போயிட்டாங்க, மணி அடிக்கச் சொன்னாங்க" என்று ஆள் வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன பிறகு, வேதக்கோயிலைக் கூட்டித் துடைத்து மணியடிக்கிற கோயில்குட்டி ஏசுவடியான் முதலில் செய்த காரியம் புளியங்கொட்டை எண்ணியதுதான். எண்பத்துநாலு. தயவுபுரத்தில் சாவு மணிக்கு என்று ஒரு முறை உண்டு. செத்தவருக்கு எத்தனை வயசோ அத்தனை இழுப்பு. ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் மனசுக்குள் அவசரப்படாமல் ஒரு பரமண்டல ஜெபம். ஜெபம் முடிந்ததும் ஜன்னல் விளிம்பில் இருக்கிற குவியலிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் போட வேண்டும், அப்புறம்தான் கயிற்றைத் தொட வேண்டும். கணக்கு தப்பினால் ஊர் சும்மா விடாது, ஏனென்றால் ஊரும் கூடவே எண்ணும். கறி நறுக்குகிறவள் அரிவாள்மணையில் கையை நிறுத்திக்கொண்டு எண்ணுவாள், டீக்கடையில் கிளாஸைப் பிடித்தபடியே எண்ணுவார்கள். ஏழில் எட்டில் நின்றுவிட்டால் "அய்யோ, பச்சப்புள்ளல்லா" என்பார்கள், எழுபதைத் தாண்டிவிட்டால் மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி வேலையைப் பார்ப்பார்கள். நாற்பத்துநாலு வருஷமாக இந்தக் கோபுரத்தின் அடியில் நின்று இழுக்கிற ஏசுவடியானுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. ஆனால் இன்றைக்கு ஒரு கூத்து நடந்தது. எண்பத்துநாலு கொட்டையைக் குவித்து முடித்துவிட்டுப் பார்த்தால், கை தன்பாட்டுக்குப் பத்தொன்பதைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தது. சின்னக் குவியல் ஒன்று, பெரிய குவியல் ஒன்று. சே, என்ன இது என்று சேர்த்துவிடப் போனார், சேர்க்கவில்லை. இருக்கட்டும், எண்ணுவதற்குத் தோதாக இருக்கும் என்று தனக்கே ஒரு பொய் சொல்லிக்கொண்டார். பத்தொன்பது அவருடைய மகள் எப்சிபாளின் வயசு. அவளுக்கு மணி அடிக்கவில்லை. அடிக்கக்கூடாது என்று சொன்ன கரஸ்பாண்டென்டுக்குத்தான், சபையையும் அதன் பள்ளிக்கூடத்தையும் நிர்வாகம் பண்ணினவருக்குத்தான், இப்போது அடிக்கப் போகிறார்.

ஒன்று. மேலே வெண்கலம் முழங்கி, தலைக்கு மேல் காக்கைகள் பதறிப் பறந்தன. ஒரு கொட்டை. என்ன சாவு பார்த்தீர்களா என்று காலையில் வந்த ஆள் வாய் பிளந்து சொன்னான், விடியக்காலம் எழும்பினாங்களாம், முகம் கழுவினாங்களாம், காபி குடிச்சாங்களாம், தம்ளரைக் கீழ வச்சிட்டு ஈஸிசேர்ல சாஞ்சாங்களாம், அவ்வளவுதான், முகத்துல ஒரு சுருக்கம் இல்ல, நீதிமானுக்குக் கிடைக்கிற சாவுல்லா அது. ஆமாம், நீதிமான்தான். இரண்டு. காபி சூடாக இருந்திருக்குமா, சர்க்கரை போட்டிருப்பார்களா, அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டே, அந்த வியாதிகூட அவரிடம் வந்து பெட்டிப் பாம்பாக அடங்கித்தானே கிடந்தது. ஏசுவடியானுக்கு ஒரு காலம் இருந்தது, கரஸ்பாண்டென்ட் லேசாக இருமினால்கூட இவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், இதோ வந்துவிட்டது, இதோ கர்த்தர் கையை ஓங்கிவிட்டார் என்று. பாளையங்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்காது. கடைசியில் பார்த்தால் கண்ணில் புரை எடுக்கப் போயிருப்பார், எடுத்துக்கொண்டு வந்து முன்னைவிட நன்றாகப் பார்ப்பார், "ஏசுவடியான், அந்த மூலையில ஒட்டடை இருக்கு பாரும்" என்பார். மூன்று. மூத்தவன் டாக்டர், இளையவன் வெளிநாட்டில், மகளை ஒரு பாதிரி ஐயருக்கே கட்டிக்கொடுத்தார், நட்ட தென்னையில் ஒன்றுகூடப் பட்டுப்போனதில்லை. பஞ்சத்தில் ஊர்க் கிணறெல்லாம் வாயைப் பிளந்தபோது அவர் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது, அவரும் கேட்டைத் திறந்துவிட்டு ஊரையே எடுத்துக்கொள்ளச் சொன்னார், ஏசுவடியானும் இரண்டு குடம் எடுத்தார். குடித்தார். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பாடாய்ப் படுத்துகிறது, அந்த மனுஷன் முழுக்கக் கெட்டவனாகவாவது இருந்திருக்கலாம். நாலு. பரமண்டலத்திலிருக்கிற என்று ஆரம்பித்த ஜெபம் எங்கே போயிற்று, எங்களுக்குத் தப்பு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறதுபோல என்கிற இடம் வந்ததா, வரவில்லையா, முப்பது வருஷமாக அந்த இடத்தில் நாக்கு ஒரு நொடி முள்ளில் மாட்டின வேட்டி மாதிரி நிற்கும், பிறகு கிழித்துக்கொண்டு போகும். இன்றைக்கு நின்றதா என்றே தெரியவில்லை. ஐந்து.

கயிறு உள்ளங்கையைச் சுட்டது. இது நைலான் கயிறு, தேங்காய்நார்க் கயிறு இப்படிச் சுடாது, அது அரிக்கும், ஆனால் சுடாது. இந்தக் கயிற்றை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதை நினைக்கக்கூடாது என்றுதான் ஆறாவது இழுப்பை வெடுக்கென்று இழுத்தார், மணி ஒரு பக்கமாக முனகியது. நினைக்கக்கூடாது என்றால் மனசு கேட்கிறதா? பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை, மத்தியானம், கோயிலில் ஒருத்தரும் இல்லை, ஏசுவடியான் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், கரஸ்பாண்டென்ட் தனியாக வருகிறார். டிரைவர் இல்லை, கைத்தடி மட்டும். ஆராதனைச் சாமான்கள் வைக்கிற வெஸ்ட்ரி அறை வாசலில் நிற்கிறார். உள்ளே வெள்ளிப் பாத்திரங்கள் இருக்கிற அலமாரியைப் பார்க்கிறார், இவரைப் பார்க்கிறார், மறுபடி அலமாரியைப் பார்க்கிறார். "ஏசுவடியான்" என்கிறார். "ஐயா" என்கிறார் இவர். துணி கையில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அவர் உதடு அசைகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது, இவருக்குக் காது இரண்டும் குப்பென்று அடைத்துக்கொண்டது, வந்துவிட்டது, கர்த்தாவே, இடியும் வேண்டாம் மின்னலும் வேண்டாம், இந்த ஒரு வார்த்தை போதும், சொல்லட்டும். ஏழு. "மணிக்கயிறு பழசாயிட்டே, மாத்தணும்" என்றார். அவ்வளவுதான். தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் நீலக் கலரில் இந்தக் கயிறு வந்தது, ஆராதனையில் அறிவிப்பும் வந்தது, சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எட்டு. அதுதான் மன்னிப்புக் கேட்டதா? கயிற்றால் மன்னிப்புக் கேட்பார்களா? இல்லை, உண்மையிலேயே கயிறு பழசாக இருந்ததைத்தான் பார்த்துவிட்டுச் சொன்னாரா, இவர்தான் பைத்தியக்காரத்தனமாக அவர் தொண்டைக்குழியில் இல்லாததையெல்லாம் பார்த்தாரா? ஒன்பது. "ஐயா, வேற என்னமோ சொல்ல வந்தீங்களே" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துணியைப் பிழிந்துவிட்டு மறுபடி பெஞ்சைத் துடைத்தார். பத்து. பதினொரு வருஷமாக அவர் கொடுத்த கயிற்றைப் பிடித்துத்தான் ஊரை ஜெபத்துக்குக் கூப்பிடுகிறார், கல்யாணத்துக்கு அடிக்கிறார், சாவுக்கு அடிக்கிறார். இனிமேல் அந்தத் தொண்டைக்குழியில் என்ன இருந்தது என்று யாரிடம் போய்க் கேட்க?

பதினொன்று. அந்த அலமாரி. மூன்று சாவி, ஐயரிடம் ஒன்று, கரஸ்பாண்டென்டிடம் ஒன்று, கோயில்குட்டியிடம் ஒன்று. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எப்சிபாள் ராப்போஜனப் பாத்திரத்தை, பந்தியில் திராட்சரசம் கொடுக்கிற வெள்ளிக் கிண்ணத்தை, புளி போட்டுத் தேய்த்து, சாம்பலில் துலக்கி, முகம் பார்த்து, "அப்பா, இதுல என் மூக்கு எவ்வளவு பெருசா தெரியுது பாருங்க" என்று சிரித்தாள். அதே சாயங்காலம் ஐயர் அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கரஸ்பாண்டென்ட் வீட்டுக்குப் போனார், படுத்த படுக்கையாய்க் கிடந்த அவருடைய தாயாருக்கு ராப்போஜனம் கொடுக்க. கொடுத்துவிட்டு, பாத்திரத்தை டிரைவரிடம் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு அப்படியே பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரியில் பாத்திரம் இல்லை. பன்னிரண்டு. டிரைவரைக் கூப்பிட்டார்கள். "கோயில்குட்டி மகள் கையில குடுத்தேன்" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "யாரும் என் கையில தரல" என்றாள் அவள், எல்லாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு. முகத்தைப் பார்த்துச் சொன்னவள் திருடி, தரையைப் பார்த்துச் சொன்னவன் யோக்கியன், அப்படித்தான் சபைக் கமிட்டிக்குப் பட்டது. கரஸ்பாண்டென்ட் அடிக்கவில்லை, வையவில்லை, போலீசுக்குச் சொல்லவில்லை. தணிந்த குரலில் தேனொழுகப் பேசினார், "சொல்லிரும்மா, சின்ன வயசு, ஆசைப்பட்டுட்டே, ஒண்ணும் செய்ய மாட்டோம்" என்று. அந்தக் குரல்தான் அவளைக் கொன்றது. பதின்மூன்று. கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவளுடைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள், தாவணி, ரிப்பன், டீச்சர் டிரெய்னிங்குக்கு எழுதிப் போட்ட விண்ணப்பத்தின் நகல், உள்பாடி, எல்லாம் ஆம்பிளைகள் நாலு பேர் முன்னால் தரையில் கிடந்தன. ஏசுவடியான் அங்கேதான் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொறுமையாக நின்றார் என்று அப்புறம் ஊரே மெச்சியது. பதினாலு. திங்கட்கிழமை பொழுது அடையும்போது தண்ணி எடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் கிணற்றில் மிதந்தாள். வியாழக்கிழமை இவர் அலமாரியைத் திறக்கிறார், பாத்திரம் இருக்கிறது. ஒரு டர்க்கி டவலில் சுற்றி, ஓரத்தில் சிவப்பு நூலில் கரஸ்பாண்டென்ட் வீட்டம்மா பின்னிய பூ, அவர்கள் வீட்டு டவலில் எல்லாம் அந்தப் பூ இருக்கும். பதினைந்து. கரஸ்பாண்டென்ட் அதை எப்போது கண்டெடுத்தார்? அதுதான் கேள்வி, முப்பது வருஷமாக மாவாட்டுகிற கல் மாதிரி உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற ஒரே கேள்வி. தாயாருடைய மருந்துப் பாட்டில்களுக்குப் பின்னாலோ எங்கேயோ அது இருந்ததை எந்தக் கிழமை பார்த்தார்? புதன்கிழமை என்றால் அது ஒரு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே என்றால்? திங்கட்கிழமை என்றால், அவள் இன்னும் குடத்தை எடுத்து இடுப்பில் வைக்காத திங்கட்கிழமை என்றால்? ஒரு ஆள் அனுப்பியிருந்தால் போதுமே, பாத்திரம் கிடைச்சிட்டும்மா என்று ஒரு சொல். அந்தப் பதிலை வைத்திருந்த ஒரே ஒரு மனுஷன் காபியைக் குடித்துவிட்டு ஈஸிசேரில் சாய்ந்துவிட்டான்.

டவலை எடுத்துக்கொண்டு ஐயரிடம் ஓடினார் அன்றைக்கு. ஐயர் நல்லவர், கண் கலங்கினார், டவலை நாலாக மடித்து மேஜை டிராயரில் வைத்து மூடினார். "பொறுமையா இரு ஏசுவடியான். இத நாம கிளறினா சபை ரெண்டா உடஞ்சிரும். அக்கிரமம் செய்றவன் தழைக்கிற மாதிரிதான் தெரியும். நீ கர்த்தர் கையில விட்டுரு, அவரு பாத்துக்குவாரு" என்றார். விட்டுவிட்டார். பதினாறு. அடுத்த ராப்போஜன ஞாயிற்றுக்கிழமை அதே பாத்திரத்தை இவரே புளி போட்டுத் தேய்த்தார், மூக்கு பெரிதாகத்தான் தெரிந்தது. பந்தியில் கரஸ்பாண்டென்ட் முதலில் முழங்கால் போட்டு வாய் வைத்துக் குடித்தார், கடைசி வரிசையில் இவர் குடித்தார். மாசத்துக்கு ஒரு தடவை, முப்பது வருஷம், அந்த வாய் பட்ட இடத்தில் இந்த வாய். செல்லத்தாயிதான் வரவில்லை. ஏசுவடியானின் பெண்சாதி அன்றிலிருந்து கோயில் வாசற்படி மிதிக்கவில்லை, குடியிருப்பது கோயில் காம்பவுண்டுக்குள்ளேயே, கோபுரத்திலிருந்து இருபது எட்டு தூரம், ஆனாலும் மிதிக்கவில்லை. மணி அடித்தால் அம்மியில் ஏதாவது ஒன்றைப் போட்டு கடகடவென்று அரைக்க ஆரம்பித்துவிடுவாள், அரைக்க ஒன்றும் இல்லாவிட்டால் வெறும் கல்லையாவது உருட்டுவாள். இப்போதும் அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. "நீங்க பொறுங்க, உங்களுக்குப் பொறுமை சாஸ்தி" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அதோடு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார். எங்கே பார்த்தார்? தென்னையைப் பார்த்துக்கொண்டார், கிணற்றைப் பார்த்துக்கொண்டார், கண்புரையைப் பார்த்துக்கொண்டார். சே, என்ன வாய் இது, மன்னியும் ஆண்டவரே, மன்னியும். பதினேழு.

சின்னக் குவியலில் இரண்டே இரண்டு கொட்டை மிச்சம். சின்னவளாக இருக்கும்போது இந்த ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு எப்சிபாள்தான் கொட்டை போடுவாள். "அப்பா, எனக்கு எத்தன கொட்ட?" என்று கேட்டாள் ஒரு நாள். "உனக்கு நூறு" என்றார். "அய்யோ, எனக்கு நூறு எண்ணத் தெரியாதே" என்றாள். பத்தொன்பது இந்தக் கையால் எண்ணி வைத்தார் அந்தச் செவ்வாய்க்கிழமை, இதே விளிம்பில். கயிற்றைக் கையில் பிடித்துவிட்டார். அப்போது வாசலில் நிழல் விழுந்தது. "வேண்டாம் ஏசுவடியான்" என்றார் கரஸ்பாண்டென்ட். "தானா உயிரை விட்டவங்களுக்கு மணி கிடையாது, கல்லறைத் தோட்டத்துல இடமும் கிடையாது. எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? சட்டம் ஒண்ணுதானே எல்லாருக்கும்." ஒருத்தரும் இவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை, கயிற்றை அறுக்கவில்லை. கை தானாகத்தான் விட்டது. சுவருக்கு வெளியே, ஒற்றைப் பனைக்குப் பக்கத்தில், மணியில்லாமல் பிள்ளையைப் புதைத்தார்கள். அதுதான் பொறுமையா? அதுக்குப் பெயர் பொறுமையா? இருக்கிற வீடு கோயில் வீடு, வாங்குகிற சம்பளம் கோயில் சம்பளம், கயிற்றை இழுத்திருந்தால் மறுநாள் சட்டி பானையோடு தெருவில் நின்றிருக்க வேண்டும், அந்தப் பயத்துக்குத்தான் ஐயர் பொறுமை என்று நல்ல பெயர் வைத்துக் கொடுத்தாரா, இவரும் அதை வாங்கி முப்பது வருஷம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாரா? பதினெட்டு. ஜெபம் வரவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை. பரவாயில்லை, ஜெபத்துக்கு ஆகிற நேரம் எவ்வளவு என்று உடம்புக்குத் தெரியும். கடைசிக்கு முந்தின கொட்டை டக்கென்று சிரட்டையில் விழுந்தது. இன்னும் ஒன்றை இழுத்துவிட்டு நிறுத்தினால் என்ன? நிறுத்தினால் போதும். ஊர் எண்ணிக்கொண்டிருக்கிறது, பத்தொன்பதோடு நின்றால் ஊர் திகைக்கும், யாருக்கு என்று கேட்கும், எவனாவது ஒருத்தனுக்காவது ஞாபகம் வரும். ஞாபகம் வராவிட்டாலும் என்ன, கர்த்தர் செய்யவில்லை, சரி, மனுஷன் செய்யட்டும். வயசு எழுபத்தொன்று ஆகிவிட்டது, இனி எவன் வந்து தெருவில் நிறுத்தி என்ன ஆகப்போகிறது? இழுத்தார். நிதானமாக, கயிறு நெஞ்சு வரைக்கும் இறங்கி வர, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி மெதுவாக விட்டார். பத்தொன்பது.

கை கயிற்றை விட்டுவிட்டது.

மணியின் ரீங்காரம் கொஞ்ச நேரம் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு அதுவும் ஓய்ந்தது. ஒரு ஜெப நேரம் போயிற்று. இன்னொரு ஜெப நேரமும் போயிற்று. அப்போதுதான் அம்மிச் சத்தம் நின்றுபோயிருப்பது அவருக்குக் காதில் பட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். செல்லத்தாயி வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள், கையெல்லாம் மசாலா. அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தாள். எண்ணியிருக்கிறாள். அம்மியை உருட்டிக்கொண்டே எண்ணியிருக்கிறாள், முப்பது வருஷமாக ஒவ்வொரு சாவுக்கும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் போல. மசாலாக் கையை சேலையிலேயே துடைத்துவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டாள், ஜெபத்துக்கு நிற்கும்போது போடுகிற மாதிரி. கையைக் கூப்பினாள். கண்ணை மூடினாள். ஏசுவடியானுக்கு நெஞ்சுக்குள் என்னமோ உடைந்து வெதுவெதுப்பாக இறங்கியது, அழுகைதான், முப்பது வருஷமாக இடம் தெரியாமல் நின்ற அழுகை. காக்கைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து உட்கார்ந்தன. எங்கேயும் ஒரு சத்தமில்லை. கர்த்தாவே, இந்த அமைதி போதும் எனக்கு, இது என் பிள்ளையுடைய அமைதி, இதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

பைக் சத்தம் கேட்டது. கேட்டுக்குள் புகுந்து, வேப்பமரத்தைச் சுற்றி, கோபுர வாசலில் வந்து நின்றது. கரஸ்பாண்டென்டின் தங்கை மகன் எட்வின், வெள்ளைச் சட்டையில், துக்க வீட்டு வேலையெல்லாம் தலையில் விழுந்த அலுப்போடு இறங்கினான்.

"என்ன குட்டியாரே, நின்னுபோச்சு? கயிறு அந்துட்டா?"

"இல்ல தம்பி."

"பொறவு? வீட்ல எல்லாரும் எண்ணிக்கிட்டிருக்காங்க. மாமாவுக்கு எண்பத்துநாலு. நீரு பத்தொம்பதோட நிறுத்திட்டீரு." அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தான், கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை. "ஊர்ல பத்தொம்பது வயசுல யாரு செத்தான்னுல்லா கேப்பாங்க?"

கேட்டுவிட்டான். இதோ கேட்டே விட்டான், முப்பது வருஷமாக ஒருத்தரும் கேட்காத கேள்வியை, தானாக வந்து, வாசலில் நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்கிறான். பெயரைச் சொன்னால் போதும். ஐந்து எழுத்துப் பெயர். தொண்டையில் வந்து நிற்கிறது, உதடு அசைகிறது, எட்வின் காத்திருக்கிறான், அவன் கண்ணில் ஒரு குறுகுறுப்பும் இல்லை, அவள் சாகும்போது இவனுக்குப் பத்து வயசிருக்குமா, நினைவே இல்லை பயலுக்கு. சொல்லு. தொண்டை ஏறி இறங்குகிறது, இதே ஏறி இறங்குகிறதைத்தானே வெஸ்ட்ரி வாசலில் இன்னொரு தொண்டையில் பார்த்தோம். சொல்லு ஏசுவடியான், சொல்லித் தொலை.

"கையில சதை பிடிச்சுக்கிட்டு தம்பி" என்றார். "வயசாகுதுல்லா."

"அய்யய்யோ. நான் வேணும்னா ஆள் அனுப்பட்டா?"

"வேண்டாம் வேண்டாம். சரியாயிட்டு."

"அப்ப இருபதுல இருந்து இழும். மொதல்ல இருந்து வேண்டாம், ஊரு கொழம்பிரும்" என்றுவிட்டு எட்வின் பைக்கை உதைத்தான். வேப்பமரத்தடியில் நின்றவளைத் தாண்டும்போது மரியாதைக்கு வேகத்தைக் குறைத்தான், நல்ல பிள்ளை.

இருபதிலிருந்து. அப்படியானால் அந்தப் பத்தொன்பதும் கரஸ்பாண்டென்டுக்குத்தான். அவளுக்கென்று இழுத்ததையும் எடுத்து அவர் கணக்கில் அடியில் வைத்து, மேலே இருபது, இருபத்தொன்று என்று அடுக்க வேண்டும். இழுக்காமல் போய்விடலாம். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பாயில் படுத்துவிடலாம். போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை கயிற்றைப் பிடித்திருந்தது, அன்றைக்குத் தானாக விட்ட அதே கை இன்றைக்குத் தானாகப் பிடித்திருந்தது. ஜன்னல் பக்கம் பார்க்கக்கூடாது என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் பார்த்தார். செல்லத்தாயி அதே இடத்தில்தான் நின்றாள், முக்காடும் கூப்பின கையுமாக, உதடு அசைந்துகொண்டிருந்தது.

இருபது.

அவள் கண்ணைத் திறந்தாள். கோபுரத்தைப் பார்த்தாள். முக்காட்டை எடுத்தாள், இடுப்பில் செருகினாள், வீட்டுக்குள் போனாள். அம்மிச் சத்தம் வரும் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. இருபத்தொன்று. இருபத்திரண்டு. அதற்கப்புறம் ஜெபம் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது, மன்னிக்கிற இடம்கூட வழவழவென்று போயிற்று, நிற்கவும் இல்லை, கிழியவும் இல்லை. நாற்பதில் வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஐம்பத்துநாலு, எப்சிபாள் சாகும்போது கரஸ்பாண்டென்டுக்கு இருந்த வயசு, அது வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. அறுபதைத் தாண்டும்போது ஒரு பிரசங்கம் ஞாபகம் வந்தது, கடைசி நாளில் எல்லாக் கணக்கும் நேராகும், எல்லாக் கண்ணீரும் துடைக்கப்படும் என்று. இருக்கலாம். அன்றைக்குக் கர்த்தர் முன்னால் கரஸ்பாண்டென்ட் நிற்பார், ஏசுவடியானும் நிற்பார், அவர் முதலில் யாரைப் பார்த்துக் கேள்வி கேட்பாரோ? ஒரு காலத்தில் இதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. எழுபத்தொன்றில், தன்னுடைய வயசில், ஒரு நொடி கை நின்றது, தனக்கு யார் இழுப்பார்கள் என்று ஒரு நினைப்பு வந்து அதுவும் போயிற்று. பெரிய குவியல் கரைந்துகொண்டே வந்தது. எண்பத்துமூன்று. எண்பத்துநாலு. கடைசிக் கொட்டையைப் போட்டபோது சிரட்டை நிறைந்திருந்தது, அதில் எது எந்தக் குவியலிலிருந்து வந்தது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

கல்லறைத் தோட்டத்துச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மத்தியானத்துக்குள் குழி பார்க்க வேண்டும், முன்வரிசையில், வருஷா வருஷம் கரஸ்பாண்டென்டே வெள்ளையடிக்கச் சொன்ன சுவருக்கு உள்ளே. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன. வீட்டு வாசற்படியில் செல்லத்தாயி உட்கார்ந்திருந்தாள். ஒரு செம்பில் மோர் கரைத்து வைத்திருந்தாள், உப்புப் போட்டு, எப்போதும் சாவு மணி அடித்துவிட்டு வந்தால் கொடுக்கிற மாதிரி. அவர் வாங்கிக் குடித்தார், பாதி மோர் தாடையில் வழிந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை, கோபம் இருந்தால்கூடத் தாங்கிக்கொள்வார். முப்பது வருஷத்துக்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசினாள், செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டே, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறதுக்காக மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"பத்தொம்பதோட நிறுத்தினீங்கள்லா. நாங்கூட நம்ம புள்ளைக்குன்னு நெனச்சேன். பொறவு எதுக்குங்க இழுத்தீங்க?"